மூன்று துளையும் ஒரு மந்தரினும்

ஒரு குடம். வாய் அடைத்திருக்கிறது. உடம்பில் மூன்றே மூன்று துளைகள், ஒவ்வொன்றும் ஒரு பென்சில் போகிற அளவு. குடத்துக்குள் ஒரு மந்தரின், சின்ன ஆரஞ்சுப் பழம். குடத்தை உடைக்கக் கூடாது. பழத்தை வெட்டக் கூடாது, நசுக்கக் கூடாது, உள்ளே ஒரு சொட்டுச் சாறு சிந்தக் கூடாது. பழம் முழுசாக வெளியே வரவேண்டும். எப்படி?

சேந்தனுக்கு விடை தெரியவில்லை. பாத்திரம் சம்பந்தப்பட்ட ஒரு கேள்விக்கு அவனிடம் விடை இல்லாமற் போனது அதுதான் முதல் தடவை. பிரான்சில், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், பாத்திரக்கடை ஒன்றில் பதினோரு வருடமாக வேலை செய்கிறான். புட்டுக்குழலுக்குள் ஆவி எந்த வழியால் ஏறுகிறது, குக்கர் எந்த நேரத்தில் ஏன் விசிலடிக்கிறது, இடியப்ப உரலின் கைபிடி நீளமானால் கைக்கு நோ ஏன் குறைகிறது, எல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. கேட்டவர்களுக்கு மட்டுமல்ல, கேளாதவர்களுக்கும் சொல்லுவான். ஒரு கரண்டி வாங்க வந்து, கரண்டி ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நின்று, ரயிலைத் தவறவிட்டவர்கள் உண்டு.

ஆனால் இது குடம் இல்லை. இது அவனுடைய மகள் ஆரபியின் வயிறு.

ஆரபிக்கு ஐந்தரை வயது. இரண்டு மாதத்துக்கு முன், 2017 செப்டெம்பரில், குளிக்க வார்க்கும்போது வலது விலாவுக்குக் கீழே தாய் கஜனியின் கையில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமே வருகிற வகை, பெரும்பாலும் சுகமாகிவிடுகிற வகை என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்கள். முதலில் நாலு கிழமை மருந்தேற்றினார்கள். தோடம்பழம் அளவு இருந்தது மந்தரின் அளவுக்குச் சுருங்கியது. ஆரபியின் தலைமுடி கொட்டியது. அவளுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. காது வைத்த கம்பளித் தொப்பிகள் ஏழு கிடைத்திருந்தன, கிழமைக்கு ஏழு நாள்தானே.

அடுத்தது ஒப்பரேஷன். சத்திரசிகிச்சை மருத்துவர் ஒரு பெண், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிற ஆள். ஒரு தாளில் வயிறு ஒன்றை வரைந்து, அதில் மூன்று சின்ன வட்டம் போட்டார். வயிற்றுக்குள் வாயுவை விட்டுக் கூடாரம் மாதிரி உயர்த்துவோம், உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும் என்றார். தொப்புளால் கமரா போகும். மற்ற இரண்டு வட்டத்தாலும் பென்சில் மொத்தத்தில் நீளக் கருவிகள் போகும். ஒன்றின் நுனியில் கத்தரி, ஒன்றின் நுனியில் இடுக்கி. நான் திரையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வேன். எல்லாப் பிள்ளைக்கும் இப்படிச் செய்ய இயலாது. ஆரபியின் கட்டி சிறிது, நல்ல இடத்தில் இருக்கிறது. நோ குறைவு, கெதியாய் வீட்டுக்குப் போகலாம். இடையில் ஏதும் பிசகினால் நிறுத்திவிட்டு வழமைபோல் வயிற்றைத் திறந்து செய்வோம்.

பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு மிக முக்கியமானதைச் சொன்னார். சிறுநீரகத்தோடு சேர்த்துக் கட்டியை முழுசாக எடுப்போம்; மற்றச் சிறுநீரகம் அவளுக்குக் காணும், ஒன்றே போதும். கட்டி உடையவே கூடாது. உடைந்தால் அதன் அணுக்கள் வயிறு முழுவதும் சிந்தும், பிறகு மருந்தும் கூடும், கதிர்ச் சிகிச்சையும் வரும். இவ்வளவையும் சொல்லி, விளங்கியதா என்று கேட்டார்.

"தக்கோர்," என்றான் சேந்தன். பிரெஞ்சில் சரி என்று அர்த்தம்.

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் தக்கோர். இதில் அவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பிரான்சுக்கு வந்த காலத்தில் விசா கொடுக்கிற பிறெபெக்தூர் ஜன்னலில் பழகின தலையாட்டல் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேசினால் தலையாட்ட வேண்டும். "விளங்கவில்லை" என்றால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். விசா கிடைத்துக் கனகாலமாகிவிட்டது, தலை மட்டும் இன்னும் வரிசையில்தான் நிற்கிறது. கஜனி அந்த நேரம் வெளியே, ஊசி போட்ட தாதியோடு கோபித்துக்கொண்டு மேசைக்கடியில் இருந்த ஆரபியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். "எல்லாம் விளங்கினதே?" என்று பிறகு கேட்டாள். வடிவாய் விளங்கினது என்றான். அவன் சொல்லை நம்பி அவள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தாள்.

பிரான்சில் பிள்ளையை ஒப்பரேஷன் செய்யத் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். சேந்தனின் கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. பத்திரம் செவ்வாய்க்கிழமை போகவேண்டும், வியாழன் ஒப்பரேஷன். லெ பிளாங்-மெனில் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில்தான் அவனுக்கு அது உறைத்தது. பென்சில் போகிற துளையால் மந்தரின் எப்படி வெளியே வரும்? உடைத்தால் வரும். உடைக்கக் கூடாது என்கிறார். உடைக்காமல் வராது. அப்படியானால் ஒன்று, அவன் பிழையாக விளங்கியிருக்கிறான், அல்லது அவர்கள் கடைசியில் உடைத்துத்தான் எடுக்கப்போகிறார்கள். எது என்று தெரியாமல் பேனையை எடுக்கக் கை வரவில்லை.

ஆரிடம் கேட்பது? ஆசுப்பத்திரியில் மூன்று தரம் தக்கோர் சொல்லியாயிற்று. கஜனியிடம் கேட்டால் அவள் எதை நம்பிக் கையெழுத்து வைத்தாள் என்பது தெரிந்துவிடும். லா சப்பலில் கேட்கலாமென்றால், பிள்ளைக்கு வருத்தம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அது கஜனியின் கட்டளை. தெரிந்தால் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பார்சலும் சளித் தடிமனுமாக வீட்டுக்கு வருவார்கள். மருந்தேற்றின பிள்ளைக்குத் தடிமன் ஆகாது. வந்தவர்கள் சும்மாவும் போகமாட்டார்கள், தங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே வருத்தம் வந்து எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று விபரமாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அதனால் ஆசுப்பத்திரிக்குப் போகிற நாட்களில் சேந்தன் கார் ஓட்டப் பழகப் போவதாகக் கடையில் சொல்லியிருந்தான். லா சப்பல் முழுவதும் அவனுக்கு ரிவேர்ஸ் எடுப்பது பற்றிப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது.

எனவே வயிற்றைக் குடமாக்கி, கட்டியை மந்தரினாக்கி, வெள்ளிக்கிழமை மத்தியானம் மரியரட்ணத்தின் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோனான். ஒரு கூட்டாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கணக்கு என்றான்.

மரியரட்ணம் மன்னார் ஆள், அறுபது வயது, எந்தக் கேள்வியையும் அவசரப்படாமல் ஆறவிட்டுக் குடிப்பவர். பக்கத்துச் சலூன்காரன் சுரேன் நேரெதிர். கேள்வி முடிய முதல் விடையோடு நிற்பான்.

"உது சிம்பிள் அண்ணை," என்றான் சுரேன். "மிக்சர் கம்பி ஒண்டை உள்ளுக்கை விட்டு அரைச்சுப்போட்டு, ஸ்ட்ரோவாலை உறிஞ்சுறது."

சேந்தனின் முகம் வெளிறியது. முழுசாக வரவேண்டும் என்று திருப்பிச் சொன்னான்.

"நான் முழுசாய்த்தான் குடிக்கிறன். மிச்சம் வைக்கிறேல்லை."

மரியரட்ணம் தேத்தண்ணியை ஒரு தரம் இழுத்து ஆற்றினார். "ஒரு மாதம் வெயிலிலை விடு. சுருங்கும்."

"சுருக்கியாச்சு அண்ணை. தோடம்பழமாய் இருந்து சுருங்கித்தான் மந்தரின் அளவுக்கு வந்தது."

"ஆர் சுருக்கினது?"

சேந்தன் ரோல்ஸை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கி, கணக்கில் அப்படித்தான் இருக்கிறது என்றான்.

கணக்கு பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலை மரியரட்ணம் ஐந்து லீற்றர் ஊறுகாய் வாளி ஒன்றைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். வெள்ளைப் பிளாஸ்டிக், வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே மங்கலாகத் தெரியும். மூடியைத் திறந்து பழத்தை வைத்து, மூடியைத் திருகி, சூடாக்கிய கம்பியால் மூன்று துளை போட்டார். சேந்தன் கடையிலிருந்து இறைச்சி வாட்டும் நீளக் கம்பிகள் நாலு வந்தன. தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு கை பார்த்தார்கள். இரண்டு கம்பியால் ஒரு பழத்தைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். வெளியே கை இடப்பக்கம் போனால் உள்ளே நுனி வலப்பக்கம் போகும், துளை தராசின் நடு மாதிரி நிற்பதால். சேந்தன் இதை வந்தவர்களுக்கெல்லாம் சளைக்காமல் விளங்கப்படுத்தினான். மத்தியானத்துக்குள் ஒன்பது மந்தரின் செத்துப்போயின. சுரேன் மட்டும் நாலைக் கொன்றான்.

பத்தாவதுக்கு ஒரு வழி பிறந்தது. சவரியம்மாள் என்கிற பாண்டிச்சேரி அம்மா சேந்தனின் கடையில் இட்லிச் சட்டி வாங்கிவிட்டு, இங்கே என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார்.

"ஏன் முசியே இவ்ளோ கஷ்டப்படுறீங்க? மெல்லிசா ஒரு சஷேவ சுருட்டி ஓட்டை வழியா உள்ள விடுங்க. உள்ளாற விரிச்சு, பழத்த அதுல தள்ளி, வாயக் கட்டிடுங்க. அப்புறம் சாறு எங்க சிந்தும்?"

பழக்கடையில் கொடுக்கும் மெல்லிய பை ஒன்றைச் சுருட்டி உள்ளே விட்டார்கள். விரிக்க இருபது நிமிடம். பழத்தை உருட்டி உள்ளே தள்ள இன்னும் இருபது நிமிடம். பையின் வாயை ஒரு துளையால் வெளியே இழுத்தபோது கடை கைதட்டியது. அதோடு பழம் துளையில் வந்து இறுகிவிட்டது. சுரேன் பொறுமையில்லாமல் இழுக்க, பைக்குள்ளேயே பிதுங்கியது.

"ஆனால் வாளிக்குள்ளை ஒரு சொட்டும் இல்லை," என்றார் மரியரட்ணம், விரலால் தடவிப் பார்த்து.

பாதி வழி வந்தாயிற்று. சிந்தாமல் இருக்கப் பை. வெளியே வர? சேந்தன் அந்த யோசனையோடு கடைக்குத் திரும்பி, நூறு பேருக்குச் சோறு காய்ச்சும் அண்டா ஒன்றை நிலவறையிலிருந்து எடுத்தான். கடைக்குள் இருக்கும் சுழல்படியால் ஆள் இறங்கலாம், அண்டா ஏறாது. அதனால் எப்போதும்போல உள்ளே இறங்கி, அண்டாவைத் தள்ளிக்கொண்டுபோய், நடைபாதையில் திறக்கும் இரும்புக் கதவால் வெளியே கொடுத்தான். கொடுத்துவிட்டு, துளையைப் பற்றியே யோசித்துக்கொண்டு மறுபடி சுழல்படியால் ஏறி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாளி அவன் வீட்டு மேசையில் இருந்தது. தனியே பழகிப் பார்க்கலாம் என்று கொண்டுவந்திருந்தான். உள்ளே ஒரு மந்தரின், வெளியே சேந்தன், கையில் இரண்டு கம்பி. சட்டைப் பையில் கையெழுத்து வைக்காத பத்திரம். கஜனி சமையலறையிலிருந்து இரண்டு தரம் பார்த்தாள். மூன்றாவது தரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்தாள்.

"என்னப்பா இது?"

பள்ளிக்கூடக் கணக்கு என்று தொடங்கினான். மூன்று துளை, ஒரு பழம், உடைக்கக் கூடாது, சிந்தக் கூடாது. அவன் பையின் அருமையை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது, முயல் காது வைத்த தொப்பியோடு ஆரபி வந்தாள். வாளியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "சே ஃபசில்," என்றாள், இது லேசு என்று. மூடியைத் திருகித் திறந்து பழத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

கஜனி அவளைப் பிடித்து, பழத்தைப் பறித்து, கை கழுவ அனுப்பி, வேறொன்றை உரித்துக் கொடுத்துவிட்டு வந்து இருந்தாள். சிரித்துக்கொண்டுதான் வந்தாள். வாளியின் மூன்று துளைகளையும் திரும்பப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

"பள்ளிக்கூடக் கணக்கு," என்றாள்.

"ஓம்."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

அவன் சட்டைப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"அங்கை தக்கோர் எண்டு தலையாட்டிப்போட்டு வந்தனீங்கள், என்ன?"

"மூண்டு தரம்."

கோபிப்பாள் என்று எதிர்பார்த்தான். கோபித்தாள்தான், ஆனால் அதற்கு முதல் அவளுக்குக் கட்டி எப்படி வெளியே வரும் என்று தெரியவேண்டியிருந்தது. தாளில் வரைந்த வயிற்றைக் கொண்டுவரச் சொன்னாள். மூன்று வட்டத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

"அந்தச் சேர்ஜன் இந்தத் துளையாலைதான் எடுப்பன் எண்டு சொன்னவவோ?"

சேந்தன் யோசித்தான். துளையால் கமரா போகும் என்றார். கருவி போகும் என்றார். முழுசாக எடுப்போம் என்றார். எதனால் என்று... இல்லை, அதை அவர் சொல்லவேயில்லை. இவன்தான் சேர்த்துக்கொண்டான்.

"சரி. இவள் எப்பிடி வெளியாலை வந்தவள்?" என்று கஜனி கதவுப்பக்கம் கையைக் காட்டினாள். "மூண்டு கிலோ இருநூறு. முழுசாய்த்தானே வந்தவள்? நீங்களும் பக்கத்திலை நிண்டனீங்கள்."

அவன் நின்றதுதான். திரைத் துணிக்கு இந்தப் பக்கம், கண்ணை மூடிக்கொண்டு. சிசேரியன். அடிவயிற்றில், உள்ளாடை மறைக்கிற இடத்தில், குறுக்காக ஒரு சின்ன வெட்டு. தோலும் சதையும் இழுபட்டுக் கொடுக்கும். ஐம்பது சென்ரிமீற்றர் நீளமான ஆரபி ஒரு சாண்கூட இல்லாத அந்த வாசலால் வந்தாள். இப்போது அந்த இடத்தில் ஒரு கோடு, தேடினால்தான் தெரியும்.

"அது குடமில்லையப்பா," என்றாள் கஜனி. "குடமெண்டு கேட்டால் ஊரே கூடினாலும் விடை வராது. ஆனால் நான் டொக்டரும் இல்லை. நாளைக்குப் போன் எடுத்துக் கேப்பம். கேக்கேக்கை தலையாட்டாதேங்கோ, போனிலை தெரியாது."

திங்கட்கிழமை மர்கரீத்துக்குப் போன் எடுத்தார்கள். ஆசுப்பத்திரியில் ஆரபியின் பிரிவில் பெற்றோரின் கேள்விகளுக்கென்றே இருக்கும் தாதி அவர். சேந்தன் முதல் வசனமாக, தனக்கு அன்றைக்கு விளங்கவில்லை என்றான். பிரான்சுக்கு வந்த நாளிலிருந்து அவன் அந்த மொழியில் சொல்லாத வசனம் அது. வரிசையின் கடைசிக்குப் போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கவேண்டும், பாதிப் பேர் கேட்பதில்லை என்று மர்கரீத் சொன்னார். கஜனி நினைத்தது சரி. சிசேரியனுக்கு வெட்டுகிற அந்த வாசல்தான்.

கஜனிக்கு அது போதவில்லை. அப்படியானால் முழு வேலையையும் அந்த வாசலாலேயே செய்யலாமே, ஏன் மூன்று துளை என்று கேட்டாள். சிறுநீரகம் மேலே, விலாவுக்குக் கீழே, முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார் மர்கரீத். கீழ் வாசலால் கை எட்டாது, கண்ணும் எட்டாது. எட்டவேண்டுமென்றால் வயிற்றைக் குறுக்கே பெரிதாகத் திறக்கவேண்டும். கமராவும் கருவியும் துளையால் போனால் அங்கேயே பக்கத்தில் நின்று பார்க்கலாம், இரத்தக் குழாய்களைப் பூட்டிக் கட்டியைப் பத்திரமாகக் கழற்றலாம். கழற்றினதைப் பைக்குள் போட்டுக் கீழே கொண்டுவந்தால் சரி.

சேந்தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஆள் சுழல்படியால், அண்டா இரும்புக் கதவால். பதினோரு வருடம்.

"அப்ப பை? மெய்யாகவே பை போடுவினமோ?"

போடுவார்கள். குடை மாதிரி மடித்த பை, குழாய்க்குள் போய் உள்ளே விரியும், வாயில் இழுக்கிற நூல் இருக்கும். மர்கரீத் சொன்னதைக் கேட்டுக்கொண்டே சேந்தன் கையெழுத்து வைத்தான். பத்திரத்தில் ஒரு மூலை ஒட்டிப்பிடித்தது, மந்தரின் மணந்தது. செவ்வாய்க்கிழமை அதை வாங்கிய பெண் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

வியாழன் நாலு மணித்தியாலம் பிடித்தது. அதைப்பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியே இரண்டு பேர் கதிரையின் நுனியில் இருந்தார்கள், அவ்வளவுதான். சத்திரசிகிச்சை மருத்துவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து, முழுசாக வந்தது, உடையவில்லை என்றார். விளங்கியதா என்று கேட்டார். சேந்தன் நாலு கேள்வி கேட்டான். நாலாவது கேள்விக்கு அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை தேத்தண்ணிக் கடையில் புது வாளி ஒன்று இருந்தது. சுரேன் துளைக்கு எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தான். சவரியம்மாளும் வந்து நின்றார், அவருக்கு இப்போது கேள்வியில் பாதிப் பங்கு. ஆரபி கட்டிலிலிருந்து இறங்கி நடக்கிறாள், இனி எல்லாருக்கும் தெரியட்டும், வீட்டுக்கு வரும் பார்சல்களை நான் வாசலில் நின்று வாங்குகிறேன் என்று கஜனி அனுமதி கொடுத்திருந்தாள். சேந்தன் முதலில் அந்தக் குடம் ஆர் என்று சொன்னான்.

மரியரட்ணம் ஒரு பிளேன்ரீயை ஆற்றி அவன் முன்னால் வைத்தார். சுரேன் எண்ணெய்க் கையைத் துடைத்தான், மிக்சர் கம்பி ஞாபகம் வந்திருக்கவேண்டும், காது சிவந்துபோனது.

"அப்ப கார்?" என்றான் கடைசியில்.

"ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை."

"நான் உனக்கு ரிவேர்ஸ் சொல்லித்தந்தது?"

"நல்லாய்த்தான் சொல்லித்தந்தனீ."

"பிள்ளை சுகமாய் இருக்கட்டும்," என்றார் மரியரட்ணம். "ஆனால் ராசா, பதினாலு மந்தரின் செத்திருக்கு. குடமெண்டு சொல்லி எங்களை ஏமாத்தினது நீ. இப்ப விடையைச் சொல்லு."

சேந்தன் வாளியைத் தன் பக்கம் இழுத்தான். விடை இதுதான். மேலே உள்ள மூன்று துளைகளும் பார்ப்பதற்கும் வேலை செய்வதற்கும் மட்டும். அவற்றால் எதுவும் வெளியே வராது. கழற்றின கட்டியை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, நூலை இழுத்து வாயை மூடவேண்டும். பிறகு அடிவயிற்றில், உள்ளாடை மறைக்கும் இடத்தில், ஐந்தாறு சென்ரிமீற்றரில் தனியாக ஒரு வாசல் வெட்டி, பையை அதனால் முழுசாக வெளியே எடுக்கவேண்டும்.